பொதுமக்கள் வந்தார்கள்

"நாற்காலிங்களுக்கா மேடம் இவ்வளவு பெரிய மைக்?" என்றான் அர்ஜுன், காலி அரங்கைப் பார்த்து.

ராஜலக்ஷ்மி பூங்கொத்தின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். மைசூரின் அந்தப் பல்கலைக்கழகத்தில், சட்டமும் பொது வாழ்வும் பற்றிய ஆண்டுச் சொற்பொழிவைத் தொடங்கியவள் அவள்தான். தொடங்கிய பாவத்துக்கு ஆண்டுதோறும் பேச்சாளரைத் தேடுவதும் மண்டபத்துக்கு அனுமதி வாங்குவதும் ஆள் பிடிப்பதும் அவள் தலையில்தான் விழுந்தன. மற்றதெல்லாம் எப்படியோ நடந்துவிடும். ஆள்தான் வராது. வருகைப் பதிவுக்காக வரும் மாணவர்களும் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகக் கழன்றுகொள்வார்கள்.

இந்த முறை துணைவேந்தர் கூப்பிட்டனுப்பி, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பேரு பப்ளிக் லெக்சர். எங்கம்மா பப்ளிக்? ஸ்டூடன்ட்ஸ் தலையை எண்ணிக் காட்டி என்னை ஏமாத்த வேண்டாம். வெளியாட்கள் வரலேன்னா, இதுதான் கடைசி."

சட்டத்தை வகுப்பறையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒரு காலத்தில் மேடையேறி முழங்கியவள் அவள். தெரு அதைக் கேட்கவே இல்லை. இருந்தாலும் தன் கையாலேயே இதை மூடிவிட்டு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

"யாதவகிரித் தமிழ்க் குடும்பங்களோட வாட்ஸ்அப் குரூப்புல போடச் சொன்னேனே, போட்டியா?"

"ஓ, ஆயித்து மேடம், போட்டாச்சு. அதுவும் தமிழ்லயே!" என்றான். தமிழ்க் குடும்பத்துப் பையன்தான். ஆனால் பள்ளிக்கூடம், சண்டை, காதல் எல்லாமே கன்னடத்தில் நடந்து, இப்போது அவளுடைய சட்டத் துறையிலேயே விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தான். "என் தமிழைக் கிண்டல் பண்றீங்கல்லா? கன்னட அழைப்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை விடாம எழுதினேன்."

"யாராவது பதில் போட்டாங்களா?"

"நிறைய பேர் கை கூப்பற படம் போட்டிருக்காங்க."

"வரமாட்டோம்னு மரியாதையாச் சொல்றாங்கடா," என்றாள் ராஜலக்ஷ்மி. எழுந்து போய் மின்விசிறிகளில் பாதியை நிறுத்தினாள்.

நிறுத்திய கையோடு திரும்பப் போட வேண்டியதாயிற்று. வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. வெளியூர்ப் பயணத்துக்கு வந்தவர்கள் போலக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வேட்டி, பட்டுப் புடவை, தண்ணீர் பாட்டில், முதுகுக்கு வைத்துக்கொள்ளச் சின்னத் தலையணை. அத்தனை பேரும் செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து, முன்வரிசைகளைத் தேடித் தேடி உட்கார்ந்தார்கள்.

அவளுடைய அப்பாவோடு ரயில்வேயில் வேலை பார்த்த சாம்பு, மனைவி ஹம்ஸாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

"வாங்கோ மாமா! நீங்களா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறே? நம்ம ஊர்ல இதெல்லாம் இப்போ யார் ஏற்பாடு பண்றா? நீ பண்றேன்னு தெரிஞ்சதும் இவ சீரியலைக்கூட விட்டுட்டுக் கிளம்பிட்டா!"

"அவர் மட்டும் என்னவாம்? மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் பண்ணிட்டார்," என்றாள் ஹம்ஸா.

துணைவேந்தர் வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிட்டார். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் போனார்.

ஓய்வுபெற்ற நீதிபதி கன்னடத்தில் பேசத் தொடங்கினார். அரசியல் சட்டத்தின் இருபத்தோராம் பிரிவு உயிருக்குத் தரும் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு. வாழ்வது என்றால் மூச்சு விடுவது மட்டுமல்ல, மானத்தோடு இருப்பதும்தான் என்றார். ஒரு வழக்கு, அதன் மேல்முறையீடு, அதற்கு முரணான இன்னொரு தீர்ப்பு என்று போய்க்கொண்டே இருந்தார். மாணவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ராஜலக்ஷ்மிக்கே கண் சொருகியது.

முன்வரிசைகள் மட்டும் அசையவில்லை. ஒருவர்கூடச் செல்போனை எடுக்கவில்லை. சாம்பு மடியில் கைகளைக் கோத்தபடி, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ ஆண்டுகளாக யாருக்காகப் பேச்சாளர்களைத் தேடி அலைந்தாளோ, அவர்கள் இவர்கள்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"இத்துடன் முடித்துக்கொள்கிறேன்" என்று நீதிபதி சொன்னதும் எழுந்த கைதட்டல், அந்த அரங்கம் இதுவரை கேட்காதது.

நன்றியுரை முடிந்தது. நீதிபதியைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பிய துணைவேந்தர் அரங்கை எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"பாருங்கம்மா, போக மனசே வரலை அவங்களுக்கு!" என்றார். "அடுத்த வருஷம் பெரிய ஹால். நான் சாங்ஷன் பண்றேன். இதை யாரும் நிறுத்த முடியாது."

அவர் போனதும், ராஜலக்ஷ்மி அர்ஜுனோடு முன்வரிசைக்குப் போய்க் கை கூப்பினாள்.

"ரொம்ப சந்தோஷம் மாமா. இருட்டறதே, கிளம்பலையா?"

"இப்போவே எப்படிம்மா கிளம்பறது? விதியும் வாழ்வும், மாபெரும் உபன்யாசம்னு போட்டிருந்தேளே!"

ராஜலக்ஷ்மி மெல்லத் திரும்பி அர்ஜுனைப் பார்த்தாள்.

"கன்னடத்துல லெக்சர்னா உபன்யாசம்தானே மேடம்? சட்டப் பிரிவுன்னா விதி…" அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "தமிழ்ல வேறயா?"

சாம்பு அதைக் காதில் வாங்கவில்லை. தலையணையை முதுகுக்குப் பின்னால் சரியாக வைத்துக்கொண்டார்.

"தலைமை தாங்க வந்த ஜட்ஜ்தான் ஒரேயடியா இழுத்துட்டார். போறது, நாங்க பொறுத்துண்டோம். பாகவதர் எப்போம்மா வருவார்?"