முத்திரையின் பிடி

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. சிதம்பரத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

ஒளிபட்டு இறுகும் ரெசினில் நெல்லிக்குப்பத்துக் கரும்புச் சக்கையின் சாம்பலைக் கலந்தால் முப்பரிமாண அச்சுப் பொருள்கள் உறுதிபெறும் என்பது ஜெயராணியின் ஆய்வு. அதைத் தொடர அனுமதிக்க வேண்டிய குழுத் தலைவர் செம்பியன், வறுத்த முந்திரிக்கொட்டைகளை அலுவலக முத்திரையின் பிடியால் உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

“சாம்பலப் போட்டா கெட்டியாவுமாம்மா? பல்லுதான் வெளக்கலாம்.”

“சோதனை முடிவெல்லாம் வச்சிருக்கேன் சார்.”

“பேப்பர்ல எதுவும் ஒடையாது. இந்தப் பிடியப் பாரு.” இன்னொரு கொட்டை பிளந்தது. “பழசு மரம், ரெண்டா பொளந்துடுச்சு. இது போன மாசம் வந்த ஃபாரின் சரக்கு. ஒரு கீறல் இருக்கா?”

“இல்ல சார்.”

அவளுடைய விண்ணப்பத் தாளில் ‘அனுமதி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதே முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

“ஃபாரின்னு யாரு சார் சொன்னா?”

“நம்ம கிளார்க் ராஜாமணிதான். கடலூர்லேர்ந்து வாங்கியாந்தான்.”

“கடலூர்ல எங்க வூட்லதான் சார் வாங்கினாரு. சாம்பல் கலந்து நான் அச்சடிச்சது. உள்ளூர் சரக்குன்னா நீங்க தொட மாட்டீங்களாம், அதான் ஃபாரின்னு சொல்லிருக்காரு.”

செம்பியன் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசையிலிருந்த முந்திரி ஓடுகளை மெல்ல ஒதுக்கினார்.

“கையெழுத்துப் போட்டாச்சேம்மா,” என்று தாளை அவளிடம் நீட்டினார்.