மேசைக் காலுக்கடியில்

விருந்துக்காக மேசைமேல் வெள்ளை விரிப்பும் பீங்கான் தட்டுகளும் வந்தன. ஒரு கால் குட்டை என்பதால் மேசை ஆடியது. வீட்டுக்காரர் பழைய போராட்டத் துண்டறிக்கை ஒன்றை மடித்து அடியில் செருகினார்.

"ஏய் காகிதம், அசையாமல் இரு. சாப்பிட வருவது மில் முதலாளி. குழம்பு சிந்தினால் என் மானம் போய்விடும்" என்றது மேசை.

"அந்த ஆளை ஆட்டங்காண வைக்கத்தானே மேசையாரே, என்னை அச்சடித்தார்கள்! எழுதியவரே இந்த வீட்டுக்காரர்தான். மறந்துவிட்டார். ஒருமுறை பிரித்துப் படித்தால் என்னை இங்கே வைக்கமாட்டார்" என்றது துண்டறிக்கை.

விருந்து முடிந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. "மேசை நல்ல உறுதி" என்று முதலாளி தட்டிப் பாராட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் குனிந்து துண்டறிக்கையை எடுத்தார். பிரித்து, கடைசி வரியிலிருந்த தன் பெயர்வரை படித்தார். பிறகு அதே மடிப்பில் மடித்து, அதே காலுக்கடியில் செருகினார்.