முடுக்குச் சுவர்

“எவனாவது உதைச்சா அவன் கால் நோகணும் தம்பி. அப்படி ஒட்டுங்க” என்றாள் பொன்னுமணி.

தொங்கும் பலகையில் உட்கார்ந்திருந்த அழகுமலைக்குச் சிரிப்பு வந்தது. தேவாரத்திலிருந்து வந்து போடியில் எத்தனையோ வீட்டுச் சுவருக்குக் கல் ஒட்டியிருக்கிறான். அழகுக்கு ஒட்டச் சொன்னவர்கள் உண்டு. எதிர்வீட்டுக்காரன் வயிறு எரிய ஒட்டச் சொன்னவர்களும் உண்டு. கால் நோக ஒட்டச் சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறான்.

பழைய வீட்டை ஒட்டிப் புதிதாக எழுப்பிய ஒற்றை அறை அது. ஒரு கட்டிலைப் போட்டால் நடக்க இடம் மிஞ்சாது. வெளியே இருந்த முடுக்கு அதைவிட மோசம். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். சாரம் கட்ட இடமில்லாததால், மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கயிறு விட்டுப் பலகையைத் தொங்கவிட்டிருந்தான்.

“பூசி வெள்ளையடிச்சாப் பத்தாதாம்மா? கல்லும் கலவையும் சேந்தா ரெண்டு அங்குலம் வெளிய வரும். இருக்கிற முடுக்கே இம்புட்டுத்தான். தெருக்காரங்க சண்டைக்கு வருவாங்க.”

“வரட்டும். அதுக்காகத்தான் செவுத்தையே நம்ம இடத்துக்குள்ள தள்ளி எழுப்பச் சொன்னேன். ரூம்பு குறுகுனாக் குறுகட்டும். முன்ன இங்க தகரம் வச்சு மறைச்சுத்தான் பிள்ளை படுத்திருந்தா. இவ புருசன் குடிச்சிட்டு வந்து விட்டான் ஒரு உதை. தகரம் இவ மேலயே சாஞ்சிருச்சு.”

அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்த பவதாரணி தலையைக் குனிந்துகொண்டாள். நெற்றியோரம் தையல் போட்ட தழும்பு இன்னும் சிவந்துதான் இருந்தது.

“குனியாத. தப்புப் பண்ணவன் குனியட்டும்” என்று அவள் கூந்தலை அள்ளிப் பின்னத் தொடங்கினாள் பொன்னுமணி.

அழகுமலைக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். பெற்ற வயிறு இப்படித்தான் துடிக்கும் என்று நினைத்தபடி அடுத்த கல்லை எடுத்தான்.

முடுக்கு முனையில் ஒரு ஜீப்பு வந்து நின்றது. குரங்கணியிலிருந்து மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு. அதிலிருந்து இறங்கி வந்தவனைக் கண்டதும் பவதாரணியின் கை படியை இறுகப் பிடித்தது. யாரென்று அழகுமலைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“கெளம்பு. வெரசா வந்து ஜீப்புல ஏறு” என்றான் லிங்கேஸ்வரன்.

“நான் வரலை.”

“பேசப் பழகிட்டியோ?” அவன் பொன்னுமணியின் பக்கம் திரும்பினான். “இங்க பாரும்மா, எம் பொண்டாட்டிய ஒழுங்கா அனுப்பி விடு. இவளுக்கு ரூம்பு கட்டிக் குடுக்க நீ யாரு? இந்த இடத்துல எனக்கும் பங்கு இருக்கு, தெரியுமில்ல?”

அழகுமலைக்குப் பொறுக்கவில்லை. அடித்ததும் போதாமல் இடத்திலும் பங்கு கேட்கிறானே! மாமியார் என்ற மரியாதைகூட இல்லாமல் நீ, வா என்று பேசுகிறானே!

“பங்கு வேணும்னா கோர்ட்டுக்குப் போ. இவள அடிக்கிறதுக்கு இங்க இடம் கெடையாது” என்றாள் பொன்னுமணி.

“யோவ் கொத்தனாரு, எறங்குய்யா! சோலிய நிப்பாட்டு!”

சொன்னவன் பலகையின் நுனியைப் பிடித்து ஒரே ஆட்டாக ஆட்டினான். அழகுமலை கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கையிலிருந்த கல் கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது.

பொன்னுமணி எழுந்து வந்து பலகைக்கும் அவனுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றாள். “கைய எடுறா. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானே டேசனுக்குப் போயி உம்மேல எழுதிக் குடுப்பேன். தம்பி, நீங்க ஒட்டுங்க. நிறுத்தாதீங்க.”

அழகுமலை ஒரு கணம் தயங்கினான். பிறகு கரண்டி நிறையக் கலவையை அள்ளி வேறொரு கல்லின் முதுகில் தடவினான்.

அதைப் பார்த்ததும் லிங்கேஸ்வரனுக்கு வெறி ஏறியது. கீழ்வரிசையில் முந்தின வாரமே ஒட்டி இறுகியிருந்த கல்லில் ஓங்கி ஓர் உதை விட்டான்.

சுவர் அசையவில்லை. செருப்புத்தான் தெறித்தது. “அய்யோ” என்று காலைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரில் சாய்ந்தான். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் கொட்டியது.

பொன்னுமணி பதறிப்போய் ஓரடி எடுத்து வைத்தாள். கை தானாக நீண்டது. என்ன நினைத்தாளோ, நீண்ட கையை இழுத்து முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

“குழாயில கழுவிட்டு ஆசுபத்திரிக்குப் போ. இன்னொரு தடவ இந்த முடுக்குக்குள்ள காலு வச்சே, போலீசுதான் பேசும்” என்றாள். குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.

அவன் நொண்டிக்கொண்டே போனான். ஜீப்பு கிளம்பிய சத்தம் கேட்டதும் பவதாரணி எழுந்து வந்தாள். அடுக்கியிருந்ததில் ஒரு கல்லை எடுத்து, நிமிர்ந்து அழகுமலையிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டு, “சபாஷும்மா! பெத்த மகளுக்காக மருமகன இப்பிடி எதுத்து நிக்க எத்தன பேருக்குத் தைரியம் வரும்?” என்றான்.

பொன்னுமணி முடுக்கு முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

“இவ எம் மருமக தம்பி. போறானே, அவனத்தான் நான் பெத்தேன்.”