நாலாவது மூலை

பென்னாகரத்தில் மைக் செட் என்றால் உசேன் பாய்தான், எதிரில் மாரப்பன் கடை போடும்வரைக்கும். இந்த வருடம் ஆடித் திருவிழாவும் அவனுக்கே போனதில் உசேனுக்கு வயிற்றெரிச்சல் அடங்கவே இல்லை.

அந்த மாரப்பனே இன்று ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"திருவிழாவுல சூடு தாங்காம பாதியில நின்னுடுச்சுங்க பாய். ஐ.சி. சூட்டை இழுக்கிற அலுமினியத் தகட்டுக்கு அடியில எவனோ பசை போட்டு ஒட்டியிருக்கான். நெம்புனா போர்டே பிஞ்சுரும் போல. உங்க கைக்குத்தாங்க வரும்."

எதிர்க்கடைக்காரன் வாயாலேயே இதைக் கேட்டதும் உசேனுக்கு உச்சி குளிர்ந்தது.

"நெம்பவே கூடாது மாரப்பா. சூடு காட்டி பசையை இளக்கணும், அப்புறம் அறுக்கணும்."

சால்டரிங் அயர்னால் தகட்டைச் சூடேற்றினார். கொஞ்சமும் யோசிக்காமல் தூண்டில் நரம்பை வலது கீழ்மூலையில் நுழைத்து, ரம்பம்போல் இழுத்தார். போர்டு அலுங்காமல் தகடு கையோடு வந்தது.

மாரப்பன் தகட்டைத் திருப்பிப் பார்த்தான். மூன்று மூலைகளில் பசை படிந்திருந்தது. வலது கீழ்மூலை மட்டும் சுத்தமாக இருந்தது.

"மேலருந்து பாத்தா ஒண்ணுமே தெரியலைங்களே. இந்த மூலையில மட்டும் பசை இல்லைன்னு எப்படிங்க பாய் கண்டுபிடிச்சீங்க?"

உசேன் தகட்டை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். திருவிழாவில் மாரப்பன் சாப்பிடப் போயிருந்த அந்தக் கால் மணி நேரத்தில், நாலாவது மூலைக்கு வரும்போது அவர் டியூபில் பசை தீர்ந்துபோயிருந்தது.