சிவப்பு நூல்

மீஞ்சூர் எட்வர்ட் தன் அப்பாவின் எலெக்ட்ரிக் கிட்டாரை என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தான். "பிக்கப் ஒரிஜினலான்னு பார்த்து சொல்லுண்ணா."

கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற அந்தக் காந்தச் சுருளின் அடியில் 1964 என்றிருந்தது. மூடியின் ஈயப்பற்று கலையவே இல்லை. செப்புக்கம்பியின் நிறம் பார்க்க, உருக்கித் திறந்தேன்.

உள்ளே, சுருளின் முனையைச் சிவப்பு நூலால் சிலுவைபோல் கட்டியிருந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கம்பிச்சுருள் சுற்றிய என் மனைவி கிறிஸ்டினா அப்படித்தான் முடிப்பாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். அவள் பிறந்ததே எண்பத்தைந்தில். போன வருஷம் அடக்கம் செய்தோம். அவள் சுற்றியதெல்லாம் லாரியேறிப் போய்விட்டது. எனக்கென்று ஒன்றுகூட இல்லை.

"இன்னாண்ணா, ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தாம்பா. வேற யாரும் கை வெக்கல."

ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று மனசுக்குள் சொல்லி முடிச்சைத் தொட்டேன். நூலின் நுனி இன்னும் ஈரமாக இருந்தது.