போகிற வாசல்

வான்கூவர் சைனாடவுன், 1926. கான்டன் நாடகக் குழுவின் முதல் ஆட்டம். சலவைக்கடை மோக் ஹிங் தன் மனைவியைப் பார்த்துப் பதினோரு வருஷமாகிறது.

“இவளுக மட்டும் கப்பல்ல வந்து இறங்குறாளுக. என் கிட் யிங்கை இந்த நாட்டுச் சட்டம் விடமாட்டேங்குது. சீனாக்காரங்க இனி குடியேறக் கூடாதாம்,” என்றான்.

“நாடகக்காரிக்கு அனுமதி உண்டுடா. உன் பொண்டாட்டி பாடுவாளா?” என்றான் சமையல்காரன் சியூ.

“அவளா? கேட்டா கழுதைகூட ஓடிடும்.”

ஒரு வாசலில் வந்து மறு வாசலில் போவதுதான் மேடை முறை. ராணியின் தோழி வந்த வாசலிலேயே திரும்பிப் போனாள்.

மோக் ஹிங் பெஞ்சின்மேல் ஏறினான்.

“ஏய், போற வாசல் அந்தப் பக்கம்! இவ நடிகையே இல்லடா!”

கொட்டகை கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் இருந்த மொழிபெயர்ப்பாளன் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த குடியேற்ற அதிகாரியின் காதில் ஏதோ சொன்னான். இருவரும் எழுந்து மேடைக்குப் பின்னால் போனார்கள்.

சற்று நேரத்தில் தோழியைப் பெஞ்சுகளுக்கு நடுவே வெளியே அழைத்து வந்தார்கள்.

“பாடிக் காட்டச் சொல்லியிருக்காங்க. முடியல. அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பிடுவாங்களாம்,” என்றான் சியூ.

மோக் ஹிங்கின் பெஞ்சருகே அவள் நின்றாள். சாயம் பூசிய முகத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது.

“என்னங்க, கடுதாசியைப் பிரிச்சுப் பாத்துடுவாங்கன்னுதான் எழுதல. நாளைக்குக் கடை வாசல்ல வந்து நிக்கலாம்னு இருந்தேன்.”