இரண்டு இழுப்பு

"கயித்த வெட்டாதிய... உசுரு போயிரும்."

டாக்டர் ஸ்ரீப்ரியாவின் கத்தரி நின்றது. அவசரப் பிரிவின் பச்சைத் திரைக்குள், நேசக்குமார் கண்ணைத் திறக்காமலே முனகினான். சங்கு குளிக்கும் படகிலிருந்து நேரே தூக்கி வந்திருந்தார்கள். வலது முழங்கை வரை நைலான் கயிறு சுற்றியிருந்தது. முஷ்டி அதை இறுக்கியிருந்தது. மிச்சக் கயிறு கட்டிலுக்குக் கீழே தொங்கியது.

அவன் எங்கோ மிதந்துகொண்டிருந்தான். வெளிச்சம் பச்சையாக இறங்கியது. குரல்கள் தண்ணீருக்கு அப்பாலிருந்து வந்தன. நேரம் நகரவில்லை. கயிறும் அசையவில்லை.

"டாக்டர், துடிப்பு தாறுமாறா ஓடுது!" என்றாள் நர்ஸ் ஜெபசுதா.

"எல்லாரும் கையை எடுங்க!"

ஷாக் கொடுத்ததும் உடம்பு எம்பி விழுந்தது. மானிட்டரில் கோடு மறுபடி ஒழுங்காக ஓடியது. ஆனால் பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தது. இடக்கையில் நரம்பு அகப்படவில்லை. வலக்கையைத் தொட்டாலே முறுக்கினான், கோடு தடுமாறியது.

"இன்னொரு தடவை இப்படி ஆனா இவரைத் திருப்ப முடியாது சிஸ்டர். ஊசி போட அந்தக் கை வேணும்."

"மச்சான்..." என்றான் அவன்.

"மச்சானத் தேடுதாரு டாக்டர். எங்க பக்கம் முங்குறவனுக்குப் பொண்டாட்டி கூடப்பிறந்தவன்தான் படகுல இருந்து கயிறு பிடிப்பான். தங்கச்சி தாலிய அவனே அறுப்பானா?"

"அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க. சீக்கிரம்!"

பெனிஸ்டன் வந்தான். கால்சட்டையிலிருந்து உப்புத்தண்ணீர் தரையில் சொட்டியது. யாரையும் கேட்கவில்லை. தொங்கிய கயிற்றைப் பிடித்து இரண்டு முறை வெடுக்கென்று இழுத்தான்.

"ஏலே மச்சான், விடுலே."

முஷ்டி விரிந்தது. கயிறு தானாகவே நழுவியது. ஜெபசுதாவின் ஊசி நரம்பில் இறங்கியது. மருந்து ஓடியது. எண்கள் மெல்ல ஏறின. நேசக்குமாரின் முகம் தூங்குகிறவன் முகமானது.

ஸ்ரீப்ரியா பேனாவை எடுத்தாள். "கயிறு பிடிச்சது நீங்கதானே? இவர் எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள இருந்தார்?"

"இவனா? இவனுக்கு நீச்சலே வராது டாக்டரம்மா," என்றான் பெனிஸ்டன். "முங்குனது நான். ரெண்டு இழுப்பு இழுத்தா மேல வந்துட்டேன்னு அர்த்தம். படகுல நெஞ்சப் பிடிச்சுட்டு விழுந்த இவன், நான் மேல வந்தது தெரியாம இன்னும் கயித்தப் பிடிச்சுட்டுக் கெடந்தான்."